நான் வைத்த பெயர்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்த காலம் அது. காரைக்கால் தனியார் பள்ளிகளின் வேன்கள் காலையில் எங்கள் ஊருக்குள் வந்து, கழுத்தில் டை கட்டிய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடும். வேனுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இருபது பேர் தேறினால் பெரிது. இன்னும் குறைந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு ஜூன் மாதமும் வரும். நான் அங்கே ஆசிரியை. ஊரும் அதுதான், வேலையும் அங்கேதான். வரிச்சிக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வயலுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர்.

என் வீட்டுக்காரர் ஆறு ஏக்கர் விவசாயம் பார்க்கிறார். நடவுக்கு ஆள் கிடைக்காமல் அவர் இரண்டு வருஷம் அல்லாடியதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வருஷம் ஒரு மேஸ்திரி மூலமாக வங்காளத்திலிருந்து பதினாறு பேர் வந்தார்கள். கயிறு பிடித்து, வரிசை தவறாமல், பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் நடும்போது கேட்கும் பேச்சும் சிரிப்பும் அதில் இல்லை. ஒரு ஏக்கரை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த வயலில் இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “இந்திக்காரன் மிஷின் மாதிரி நடுறான்யா” என்றார்கள். அவர்கள் பேசியது இந்தி இல்லை. அது எனக்கும் ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும்.

நடவு முடிந்து மற்றவர்கள் கிளம்பியபோது ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டார்கள். அவருக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், யார் பேசினாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். உரம் போட, மருந்து அடிக்க, தண்ணீர் கட்ட, வரப்பு வெட்ட என்று எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே போதும் என்று ஆனது. வயலோரத்து மோட்டார் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தோம். அந்தப் பெண் அதைச் சாணம் போட்டு மெழுகி, வாசலில் ஒரு பூசணிக் கொடியை ஏற்றிவிட்டாள். சாயங்காலம் வாய்க்காலில் துண்டை விரித்துப் பொடி மீன் பிடிப்பார்கள். சோறும் மீனும்தான் அவர்கள் சாப்பாடு, எங்களைப் போலவே. அதைக்கூட ஊர் ஒரு வியப்பாகத்தான் பேசியது.

அடுத்த வருஷம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது மகளைக் கூட்டிவந்தார்கள். ஆறு வயது. அங்கே பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்று சைகையில் சொன்னார்கள். அந்தப் பிள்ளையைப் பார்த்தவுடன் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளை கூடுதல். அதுதான் முதலில் தோன்றியது. இரக்கமெல்லாம் பிறகுதான் வந்தது.

மறுநாளே பதிவேட்டில் எழுதினேன். ஆதார் அட்டையில் இருந்த பெயரை ஒரு எழுத்தும் மாறாமல் எழுதினேன். ஆனால் வகுப்பில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது பிள்ளைகளின் நாக்கு சுளுக்கிக்கொண்டது. ஒருத்தி ஒரு மாதிரி சொன்னாள், இன்னொருவன் அதைக் கேலியாக்கினான். எல்லோரும் சிரித்தார்கள். புதுப் பிள்ளை தலை குனிந்து நின்றது. நான் சட்டென்று, “இவளை நாம எல்லாரும் இப்படிக் கூப்பிடுவோம்” என்று ஒரு தமிழ்ப் பெயரைச் சொன்னேன். நல்ல பெயர்தான், எங்கள் ஊரில் நாலு வீட்டில் இருக்கிற பெயர். பிள்ளைகளுக்குச் சுலபமாக வந்தது. சிரிப்பு நின்றது. நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவளுடைய அம்மாவிடமும் அப்பாவிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பொங்கலுக்குள் அவள் தமிழ் பேசினாள். எங்கள் தமிழ். ‘வாங்க டீச்சர்’, ‘போயிட்டு வர்றேன் டீச்சர்’ என்று இழுத்துப் பேசுவாள். தெருப் பிள்ளைகளோடு சண்டை போடும்போது அவர்கள் திட்டுகிற எல்லாவற்றையும் திருப்பித் திட்டுவாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நாலு வரிப் பாட்டை மேடையேறிப் பாடினாள். முன் வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், “நம்ம புள்ள மாதிரியே பேசுது பாருங்க” என்றது என் காதில் விழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவளுடைய அப்பா கடைசியில், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி காலியாக இருந்தும் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மேடையில் வேலையாக இருந்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதை எழுதும்போது எங்கள் வீட்டுப் பின்கட்டு ஞாபகத்துக்கு வருகிறது. தீபாவளி, பொங்கல் என்றால் மூவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவேன். பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் போடுவேன். அவர்களுக்கென்று மூன்று எவர்சில்வர் தட்டு தனியாக இருந்தது. அதை யாரும் வகுத்துச் சொல்லவில்லை. அது தானாகவே அப்படி அமைந்தது, எங்கள் ஊரில் பல விஷயங்கள் அமைவது மாதிரி. சின்னவள் மட்டும் சில நாள் கூடம் வரை வந்து டிவி பார்ப்பாள். அவள் அம்மா வாசற்படியில் நின்று மெதுவாக அவளை அழைப்பாள். அவளுக்குத் தெரிந்திருந்தது, எங்கே நிற்க வேண்டும் என்று.

சின்னவளின் அப்பா ஊருக்குள் நடந்து போவார், வருவார். மளிகைக் கடையில் அரிசி, எண்ணெய் வாங்குவார். பேச்சு இரண்டு வார்த்தைதான். ரோட்டோரத்து டீக்கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கிளாஸை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்று குடிப்பார். ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. நாங்கள் மூன்று பேர், அதாவது நான், என் வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர் தவிர, அவர் முகத்தை நேராகப் பார்த்தவர்கள் ஊரில் இருந்திருக்க மாட்டார்கள்.

மாசி மாதம் ஒரு வீடியோ செல்போன்களில் சுற்றத் தொடங்கியது. எந்த ஊரிலோ யாரோ ஒரு ஆளைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள். பின்னால் ஒரு குரல், வடக்கேயிருந்து கும்பல் கும்பலாக வந்திருக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்குகிறார்கள், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஜாக்கிரதை என்று சொல்கிறது. என் போனுக்கே நாலு பேரிடமிருந்து வந்தது. பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து காத்திருந்தார்கள். ஒருத்தி கேட்டாள், “டீச்சர், உங்க வயல்ல இருக்காங்களே, அவங்க நல்லவங்கதானே?”

“ஒன்றரை வருஷமா இருக்காங்க. அவங்க புள்ளையே நம்ம பள்ளிக்கூடத்துலதானே படிக்குது.”

“அதில்ல டீச்சர். சும்மா கேட்டேன்.”

நான் அதோடு விட்டுவிட்டேன். அன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்திருக்கலாம். பக்கத்து ஊரான பூவம் வரை ரோட்டில் இருக்கிற கடைகளில் எல்லாம் நிறுத்தி, இவர் இன்னார், இவர் மகள் இன்னாள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சாயங்கால வேலை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வியாழக்கிழமை சின்னவள் காலையிலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைவாய்ப் பல் சொத்தை. மத்தியானம் கன்னம் வீங்கிவிட்டது. நான்தான் அவள் அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் கைகால் கழுவிவிட்டு, எங்கள் வீட்டுப் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார். பூவம் பக்கம் ஒரு பல் டாக்டர் மூன்று மணிக்கு மேல் இருப்பார், அங்கே காட்டுங்கள் என்றேன். அவளுக்கு ஊசி என்றால் பயம். சைக்கிளின் முன் கம்பியில் உட்கார வைத்தபோதே அழ ஆரம்பித்துவிட்டாள். “நான் போகல டீச்சர், எனக்கு வலிக்கல டீச்சர்” என்றாள். நான் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தேன்.

மிச்சத்தைப் பூவம் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கிற அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அவளுடைய மகன் முன்பு என்னிடம் படித்தவன். அதனால் என் நம்பர் அவளிடம் இருந்தது.

டாக்டர் கிளினிக் வாசலுக்குப் போனதும் சின்னவள் சைக்கிளிலிருந்து குதித்து ஓடியிருக்கிறாள். அவர் சைக்கிளைப் போட்டுவிட்டுத் துரத்தி, இடுப்போடு சேர்த்துத் தூக்கியிருக்கிறார். அவள் காலை உதைத்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். “என்னை விடு, நான் வரமாட்டேன், டீச்சர்கிட்ட போகணும்.” பஸ் ஸ்டாப்பில் நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்துச் சீருடை. வாயைத் திறந்தால் சுத்தமான ஊர்த் தமிழ். தூக்கியிருப்பவன் வேறு முகம், வேறு பேச்சு.

மோட்டார் பைக்கில் வந்த நாலைந்து பேர் நிறுத்தினார்கள்.

“டேய், யாரு புள்ளடா இது?”

“நம்ம பாப்பா” என்றிருக்கிறார் அவர். அவருக்குத் தெரிந்த தமிழில் ‘என்’ என்ற சொல் கிடையாது. எல்லாவற்றுக்கும் ‘நம்ம’தான்.

“பேரு என்ன, சொல்லு.”

அவர் தன் மகளுக்குத் தான் வைத்த பெயரைச் சொன்னார்.

ஒருவன் குனிந்து பிள்ளையிடம் கேட்டான். “பாப்பா, பயப்படாத. உன் பேரு என்னம்மா?”

அவள் நான் வைத்த பெயரைச் சொன்னாள்.

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று டீக்கடைக்காரம்மா சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் அவள் எனக்குப் போன் செய்தாள். “டீச்சர், உங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைய ஒருத்தன் தூக்கிட்டு வந்துட்டான். பிடிச்சு வச்சிருக்காங்க.” நான், “அது அவரு பொண்ணுதான், அடிக்க வேணாம்னு சொல்லுங்க” என்று கத்தினேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். என்ன சொன்னேன் என்று அவளுக்குக் கேட்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் என்னென்ன செய்ய முடியுமோ அவ்வளவையும் செய்துவிட்டிருந்தார்கள்.

அவர் ரோட்டோரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்து வரை வந்திருந்தது. வலது கை விரல்கள் கோணலாக இருந்தன. சின்னவளை ஒரு பெண் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்லடா தங்கம், காப்பாத்தியாச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் பொட்டலம் ஒன்றைப் பிரித்து அவள் கையில் வைத்திருந்தார்கள். அவள் அதைத் தின்னவில்லை, கீழே போடவும் இல்லை. “அப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அது தமிழ்ச் சொல்லாக இருந்ததால் அவள் வேறு யாரையோ தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

“இவரு இந்தப் புள்ளையோட அப்பா” என்றேன். இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது தரம் சொன்னேன்.

கூட்டம் அப்படியே அடங்கியது. பைக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒருவன் மட்டும் என்னைப் பார்த்து நின்றான். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன். கணக்கு வராது என்று நான் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவன். “தெரியாது டீச்சர்” என்றான். அவனுக்குப் பின்னால், பைக்கை உதைத்துக்கொண்டிருந்தவன் என் நாத்தனார் மகன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் காதுச் சவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். இரண்டு விரலில் எலும்பு முறிவு. அவருடைய மனைவி தகவல் தெரிந்து என் வீட்டுக்காரரோடு வந்தாள். அவள் அழுது நான் பார்க்கவில்லை. கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கட்டிலின் ஓரத்தில் நின்றாள். நான் அவளை, நான் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. அம்மா ஏதோ சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது. என்னைப் பார்த்து அந்தப் பிள்ளை பயந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் நாத்தனார் வந்தாள். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, அவனுக்குக் கத்தாருக்கு விசா வந்திருக்கு. கேஸு ஒண்ணு விழுந்தா எல்லாம் போயிடும். அவன் அடிக்கல, பக்கத்துல நின்னான், அவ்ளோதான்.”

“அவரு கையப் பாத்தியா நீ?”

“பாவம்தான் அண்ணி. நான் இல்லைங்கல. ஆளு தெரியாம நடந்துபோச்சு.”

என் வீட்டுக்காரர் ஈஸி சேரில் உட்கார்ந்து பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு, “உன் இஷ்டம்” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது என் இஷ்டத்தை அல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. மரியாதையாகத்தான் நடத்தினார். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சின்னவளின் அம்மாவும் என்னோடு வந்திருந்தாள். அவளுக்கும் நாற்காலி போட்டார். நான் ஒன்றரை வருஷத்தில் போடாத நாற்காலி.

“நீங்கதான் மேடம் முதல்ல போனது. யாரையாவது அடையாளம் தெரியுமா? நீங்க சொன்னாத்தான் எங்களுக்கு ஆகும். அங்க யாரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க.”

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “கூட்டமா இருந்துது சார்” என்றேன். “பதட்டத்துல சரியா கவனிக்கல.”

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்று நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். நான் சொல்லி முடித்ததும் அவள் தன் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்து, வெளியே படியில் போய் உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளைப் பிடிக்கவில்லை. சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் போட்டார்கள். கோயில் மண்டபத்தில். பெண்கள் அங்கே போவது வழக்கமில்லை, ஆனால் டீச்சர் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். அது பொய் இல்லை. நல்ல மனுஷன், ஒரு வம்புக்கும் போகாதவன், ஆள் தெரியாமல் அடித்துவிட்டார்கள் என்றார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினார்கள். பிறகு, இனிமேல் வெளியாட்கள் யார் வந்தாலும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிவைக்க வேண்டும், ஊருக்குள் தங்க வைக்கக் கூடாது என்று பேச்சு வந்தது.

எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து பேசினேன். “ஆள் தெரியாம, ஆள் தெரியாமன்னு எல்லாரும் சொல்றீங்க. ஒன்றரை வருஷமா இதே ரோட்டுலதானே அவரு போயிட்டு வந்துட்டு இருந்தாரு. அவங்களை எழுதிவைக்கிறது இருக்கட்டும். நாம அவங்களைத் தெரிஞ்சுக்க வேணாமா? நடவுக்கு ஆள் வந்தா முதல் நாளு இதே மண்டபத்துல உக்காரவச்சு, இவங்க இன்னார் வயலுக்கு வந்திருக்காங்கன்னு ஊருக்குக் காட்டுவோம். ஒரு வேளை எல்லாருமா சேந்து சாப்பிடுவோம். பக்கத்து ஊர்க்காரங்களையும் கூப்பிடுவோம். முகம் தெரிஞ்சா கை ஓங்குமா?”

யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு முதலில் நம்பிக்கையாக இருந்தது. பிறகு, வயதில் பெரியவர் ஒருவர், என்னிடம் எப்போதும் அன்பாகப் பேசுகிறவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நல்ல யோசனைதாம்மா. ஆனா அவங்க என்ன ஆளுங்கன்னு தெரியாம எப்படிப் பந்தியில வைக்கிறது?”

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். இன்னொருவர், கொஞ்சம் இளையவர், என்னைப் பார்த்துக் கேட்டார். “நீங்க எங்க வச்சு டீச்சர் சாப்பாடு போட்டீங்க?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சொன்னால் அதுபோலச் செய்யலாம் என்றுகூட நினைத்திருக்கலாம். நான் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் வேறு விஷயத்துக்குப் போனது, திருவிழாவுக்கு மைக் செட் யாரிடம் சொல்வது என்று.

அவர்கள் ஊருக்குக் கிளம்ப முடிவு செய்தார்கள். கட்டுப் போட்ட கையோடு, ஒரு காதில் பஞ்சோடு அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம் மோட்டார் கொட்டகையில் இருந்தார். என் வீட்டுக்காரர், “இங்கேயே இரு, சரியாகுற வரைக்கும் பாத்துக்கிறோம்” என்று சொன்னார். அவர் வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். இப்போது அது மரியாதைக்காக அல்ல, கேட்கிற காது அந்தப் பக்கம்தான் இருந்தது. “நம்ம ஊர் போறான்” என்றார். முதல் முறையாக அந்த ‘நம்ம’ என்ற சொல் சரியான இடத்தில் வந்து விழுந்தது.

சின்னவள் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை. வகுப்புப் பிள்ளைகள் ஒருநாள் மத்தியானம் அவளைப் பார்க்கக் கொட்டகைக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். அவள் பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி, “வாடி, நொண்டி விளையாடலாம்” என்றாள். அவள் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லை யாரும் கேட்கவில்லை. மளிகைக் கடைக்குப் போனால்கூட விரலைக் காட்டித்தான் கேட்டாளாம். மாடுகளிடமும் நாயிடமும்கூட அவர்கள் பேச்சில்தான் பேசினாள். தமிழில் பேசினால் அப்பாவை அடிப்பார்கள் என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் தப்பு இல்லை.

காரைக்கால் ரயில்வே ஸ்டேஷனுக்கு நான்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனேன். வெயில் கொளுத்திய காலை. பிளாட்பாரத்தில் நான் அந்தப் பெண்ணிடம் எதையாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். போலீஸ் ஸ்டேஷனில் நான் சொன்ன பொய்யைப் பற்றி, அந்தப் பெயரைப் பற்றி. ஆங்கிலத்தில் சொல்வதா, எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் தமிழிலேயே சொன்னேன். “நான் சொல்லியிருக்கணும்மா. எனக்குத் தெரியும் யாருன்னு. சொல்லாம விட்டுட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். “தெரியும் டீச்சர்” என்றாள், தமிழில், ரொம்பத் தெளிவாக. பையைத் தூக்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டியில் ஏறினாள். ரயில் கிளம்பும்போது அவர் மட்டும் ஜன்னலிலிருந்து கட்டுப் போடாத கையைத் தூக்கிக் காட்டினார்.

கேஸ் என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. என் நாத்தனார் மகன் கத்தாருக்குப் போய்விட்டான். மூன்றாம் வகுப்பிலிருந்து என்னிடம் படித்தவன் வழியில் என்னைப் பார்த்தால் பைக்கை நிறுத்தி வணக்கம் சொல்கிறான். நானும் தலையாட்டுகிறேன். அவர்கள் கொடுத்துவிட்டுப் போன போன் நம்பருக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். முதல் தடவை யாரோ எடுத்து ஏதோ சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

இந்த வருஷ நடவுக்கும் ஆட்கள் வந்திருக்கிறார்கள், போன வருஷத்தைவிட அதிகமாக. மேஸ்திரி அவர்களை ஊருக்கு வெளியே, மூடிக் கிடக்கும் ஒரு செங்கல் சூளையில் தகரம் போட்டுத் தங்கவைத்திருக்கிறார். காலையில் டிராக்டரில் ஏற்றி வயலில் விடுகிறார்கள், சாயங்காலம் அதே டிராக்டரில் திருப்பி விடுகிறார்கள். சாமான்களை மேஸ்திரியே வாங்கிக் கொடுத்துவிடுகிறார். ரோட்டுப் பக்கம் யாரும் வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். ஊரில் எல்லோருக்கும் இதில் நிம்மதி. “இந்த வருஷம் ஒரு பிரச்சினையும் இல்ல டீச்சர்” என்று மளிகைக் கடைக்காரர் சொன்னார்.

போன சனிக்கிழமை நான் அந்தச் சூளைக்குப் போனேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. போய் உட்கார்ந்து, என்னை இன்னார் என்று சொல்லிவிட்டு, அவர்கள் பெயர்களைக் கேட்டு, அவர்கள் சொல்கிற மாதிரியே சொல்லிப் பழக வேண்டும் என்று நினைத்துப் போனேன். தகரக் கொட்டகைக்கு வெளியே ஐந்தாறு பெண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு வயதில் இரண்டு பிள்ளைகள் செங்கல் துண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒரு பெண் எழுந்து, பிள்ளைகள் இரண்டையும் கையைப் பிடித்து உள்ளே தள்ளி, வாசலில் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டாள். பிறகு அங்கேயே நின்றுகொண்டு, நான் போவதற்காகக் காத்திருந்தாள்.

நான் கொஞ்ச நேரம் நின்றேன். கும்பிட்டேன். அவளும் கும்பிட்டாள், ஆனால் படுதாவை விட்டு நகரவில்லை. எங்கள் ஊரைப் பற்றி அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. நான் வரப்பு வழியே திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.